சின்ன அக்கூஸ்டிக் குழுவாக உள்ளூரில் வாசிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: மூன்று பேர் கொண்ட குழு. இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டித் தாளக்கருவி). இருவர் பாடுவார்கள். வீட்டில் பயிற்சி செய்து ஓரளவு கைகூடி வந்திருக்கிறது. அக்கம்பக்கத்து கஃபேக்கள், சின்ன அரங்குகளில் வாசிக்க ஆசை. இடம் பிடிப்பது எப்படி, என்ன கருவிகள் வேண்டும், பணம் பற்றி எப்படிப் பேசுவது?

மூன்றையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் சின்ன இடங்களில் எல்லாம் ஒரு விஷயத்தில் போய் நிற்கும்: சத்தம். இடம் நடத்துபவர் உங்களைக் கூப்பிடத் தயங்குவதற்குக் காரணம், நீங்கள் மோசமாகப் பாடிவிடுவீர்கள் என்ற பயம் இல்லை. வந்தவர்கள் பேச முடியாமல் எழுந்து போய்விடுவார்களோ என்ற பயம்தான். டிரம்ஸும் எலக்ட்ரிக் கிட்டாரும் வைத்திருக்கும் குழுவால் இந்தப் பயத்தைப் போக்க முடியாது. உங்களால் முடியும். அளவாக ஒலித்து, யாருக்கும் தொந்தரவு தராமல் கருவிகளை வைத்து, எடுத்துக்கொண்டு போகிற குழுவை மறுபடி கூப்பிடுவார்கள். பாட்டின் தரம் அதற்கு அப்புறம்தான் கணக்கில் வரும். கேட்கக் கசப்பாக இருந்தாலும் நடப்பு இதுதான்.

சரி, முதலில் இடம். கேட்பதற்கு முன்னால் அங்கே ஒரு முறை சாதாரண ஆளாகப் போய் உட்காருங்கள், நீங்கள் வாசிக்க நினைக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில். வருகிறவர்கள் இசை கேட்க வருகிறார்களா, பேச வருகிறார்களா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு வேலை. கேட்க வரும் கூட்டத்தின் முன் மெதுவான பாட்டு, பாட்டுக்கு முன் ஒரு சின்ன அறிமுகம், நடுவில் மௌனம் எல்லாம் எடுபடும். பேச வரும் கூட்டத்தில் நீங்கள் பின்னணிதான், அதைக் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அங்கே வாசிப்பது நல்ல பயிற்சி. யாரும் உற்றுப் பார்க்காதபோது புதுப் பாட்டைச் சோதித்துப் பார்க்கலாம்.

பேசும் கூட்டத்தைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911இல் இதை விவரித்ததால் லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். கூட்டம் பேசுகிறதே என்று நீங்கள் வால்யூமைக் கூட்டினால் அவர்கள் இன்னும் உரக்கப் பேசுவார்கள். நீங்கள் மறுபடி கூட்டுவீர்கள். அரை மணி நேரத்தில் எல்லாரும் கத்திக்கொண்டிருப்பார்கள், அப்புறம் கல்லாவில் இருப்பவர் வந்து ‘கொஞ்சம் குறைங்க’ என்பார். இந்தப் பந்தயத்தில் இறங்கவே வேண்டாம். ஒரு பாட்டைத் திடீரென்று தாழ்த்தி, கஹோனை நிறுத்தி, ஒரே கிட்டாரும் ஒரு குரலுமாக ஒரு சரணம் பாடிப் பாருங்கள். பல நேரம் முன்வரிசை மேசைகள் தானாக அடங்கும். அடங்கவில்லை என்றாலும் நஷ்டமில்லை. இதே விளைவு பாடகரையும் பிடிக்கும். தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் அவர் தொண்டையைக் கிழித்துக்கொள்வார், இரண்டாவது பாதியில் குரல் இருக்காது.

வாய்ப்புக் கேட்பதற்குப் பெரிய தயாரிப்பு தேவையில்லை. ஒரு நிமிட வீடியோ போதும். நல்ல வெளிச்சத்தில், ஒரே ஷாட்டில், மூன்று பேரும் தெரியும்படி, ஸ்டுடியோ மெருகு இல்லாமல் எடுத்தது. ஸ்டுடியோவில் அடுக்கி அடுக்கிப் பதிவு செய்ததை அனுப்பினால், நேரில் எப்படி இருப்பீர்கள் என்று அவருக்குத் தெரியாது. செய்தி ஐந்து வரிக்குள் இருக்கட்டும்: எத்தனை பேர், என்ன வகைப் பாட்டு, எவ்வளவு இடம் வேண்டும், ஸ்பீக்கர் நீங்களே கொண்டுவருவீர்களா, எந்தத் தேதிகளில் முடியும். ‘இரண்டு மீட்டர் அகலம், ஒரு பிளக் பாயின்ட் போதும்’ என்ற வரி எத்தனையோ புகழுரையைவிட வேலை செய்யும். நேரில் போவதென்றால் கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். பரபரப்பான மாலையில் போய் நின்றால் பதில் ‘இல்லை’தான். புதிய குழுக்களுக்கு மைக்கைத் திறந்துவிடும் ஓப்பன் மைக் இரவுகள் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். ஏற்பாட்டாளர்கள், மற்ற குழுக்கள், யார் எங்கே வாசிக்கிறார்கள் என்ற தகவல் எல்லாம் அங்கே கிடைக்கும். மற்றவர்கள் வாசிக்கும்போது உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள். தன் முறை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களை எல்லாரும் கவனிப்பார்கள்.

இனி கருவிகள். இங்கேதான் பணம் வீணாகும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்சரில் உங்களுக்கு அதிகபட்சம் ஐந்து சானல், அதாவது ஐந்து உள்ளீடு, தேவைப்படும்: இரண்டு குரல், இரண்டு கிட்டார், கஹோனுக்கு ஒன்று. சின்ன அறையில் கஹோனுக்கு மைக்கே வேண்டாம், அது தானாகவே கேட்கும். சொல்லப்போனால் அதை அடக்குவதுதான் பிரச்சினை. கையால் மெதுவாகத் தட்டவோ பிரஷ் பிடித்து வாசிக்கவோ உங்கள் ஆள் பழகட்டும். பெரிய இடத்தில் மட்டும் பின்புறத் துளையருகே ஒரு மைக் வைத்தால் அடி நாதம் கிடைக்கும். ஸ்பீக்கரும் அப்படித்தான். அறை சின்னதாக இருந்தால் தரமான ஒன்றே போதும், இரண்டு பக்கமும் வைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஸ்டாண்டில் ஏற்றி, மேல்பகுதி உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே வருமாறு வையுங்கள். உயர் அதிர்வெண்களை மனித உடல் எளிதில் தடுத்துவிடும். ஸ்பீக்கர் தரையில் இருந்தால் முதல் மேசைக்குக் காது வலிக்கும், கடைசி மேசைக்குச் சொற்களே புரியாது.

அடுத்தது கிட்டார் ஒலி. அக்கூஸ்டிக் கிட்டாரின் பாலத்துக்கு (தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ்) அடியில் இருப்பது பெரும்பாலும் பியசோ பிக்கப், அதாவது அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் உணரி. அதை நேராக மிக்சரில் செருகினால் மெலிந்த, பிளாஸ்டிக் தட்டுகிற மாதிரி ஒரு ஒலி வரும். பலர் கிட்டாரைக் குறை சொல்லி வேறு வாங்கப் போகிறார்கள். விஷயம் வேறு. பியசோவின் மின்தடை மிக அதிகம், அதை வாங்கும் கருவியின் உள்ளீடு சுமார் 1 மெகாஓம் அளவில் இருந்தால்தான் கீழ்ஸ்தாயி முழுதாக வரும். மிக்சரின் சாதாரண லைன் உள்ளீடு பெரும்பாலும் 10 கிலோஓம் அளவில்தான் இருக்கும். அதனால் நடுவில் ஒரு பிரீஆம்ப்போ (சமிக்ஞையை முதலில் வலுப்படுத்தும் கருவி) ஆக்டிவ் டிஐ பாக்ஸோ (கிட்டார் சமிக்ஞையை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும், மின்சாரத்தில் ஓடும் சின்னப் பெட்டி) வேண்டும். கிட்டாருக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப் இருந்தால் விலை குறைந்த, மின்சாரம் தேவைப்படாத பாஸிவ் டிஐ போதும். டிஐ இன்னொரு வேலையும் செய்கிறது: கிட்டார் கேபிள் 6 மீட்டரைத் தாண்டினால் இரைச்சலும் கூடும், மேல்ஸ்தாயித் தெளிவும் குறையத் தொடங்கும். டிஐயிலிருந்து கிளம்பும் பேலன்ஸ்டு கேபிளை (இரைச்சலைத் தானே தள்ளிவிடும் வகை) அதைப்போல் பல மடங்கு நீளம் இழுக்கலாம். உள்ளே பிரீஆம்ப் உள்ள கிட்டாரில் ஜாக்கைச் செருகி வைத்திருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும். இடைவேளையில் கேபிளைக் கழற்றி வைக்கும் பழக்கம் நல்லது, ஆனால் கழற்றுவதற்கு முன் அந்தச் சானலை மியூட் செய்யுங்கள். இல்லையென்றால் ‘டமார்’ என்று ஒரு வெடி.

ஃபீட்பேக், அதாவது மைக் கூவுவது, இரண்டு விதமாக வரும். ‘ஊ...ம்’ என்று அடிவயிற்றிலிருந்து எழுவது கிட்டாரால். கிட்டார் உடலுக்குள் இருக்கும் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸ் அருகே தானாக அதிரும் இயல்புடையது, ஸ்பீக்கர் ஒலி அதைத் தூண்டினால் சுழற்சி தொடங்கிவிடும். ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைப்பது மலிவான, நம்பகமான மருந்து. பிரீஆம்ப்பில் ஃபேஸ் பட்டன் (சமிக்ஞையைத் தலைகீழாக்குவது) இருந்தால் தட்டிப் பாருங்கள், நாட்ச் (ஒரு குறுகிய அதிர்வெண்ணை மட்டும் குறைப்பது) இருந்தால் கூவுகிற அதிர்வெண்ணில் வையுங்கள். அல்லது நீங்கள் ஒரு அடி நகர்ந்து நில்லுங்கள். அதுவே போதுமானதாக இருப்பதுண்டு. ‘கீ...’ என்று கிரீச்சிடுவது பெரும்பாலும் குரல் மைக்கால். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பாடகர்களால் இது கூடுதலாக வரும். கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் வகை) பின்பக்க ஒலியை விலக்குவதற்கு அந்தத் தலைக்குப் பின்னால் உள்ள துளைகள் திறந்திருக்க வேண்டும். பொத்திவிட்டால் அது எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும்.

மைக் விஷயத்தில் இரண்டு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால், கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். நெருங்கிப் பாடுங்கள், வேண்டாத மைக்கை மூடுங்கள். நெருங்கிப் பாடும்போது குரலில் அடிநாதம் தடித்துவிடும், மிக்சரில் அடிநாதத்தை வெட்டும் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் பட்டனை அழுத்தினால் அது தெளிந்துவிடும்.

ஒரே கண்டென்சர் மைக்கை (நுட்பமாக ஒலி பிடிக்கும் வகை) சுற்றி எல்லாரும் நின்று, தன் முறை வரும்போது நெருங்கி, முடிந்ததும் விலகி வாசிக்கும் முறை ஒன்று உண்டு. புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற பாணிக் குழுக்கள் அப்படி வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கவும் அழகு, மிக்சிங்கை நீங்களே உடம்பால் செய்கிறீர்கள். ஆனால் மானிட்டர் (வாசிப்பவர்களுக்கே கேட்பதற்கான ஸ்பீக்கர்) வைக்க முடியாது, அறை அமைதியாக இருக்க வேண்டும், மூன்று பேரும் நடனம்போல ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். சத்தமான கஃபேயில் அது எடுபடாது.

மானிட்டர் வைப்பதாக இருந்தால் மைக்கின் குருட்டுப் பக்கத்தில் வையுங்கள். கார்டியாய்டுக்கு அது நேர் பின்னால். இன்னும் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர்கார்டியாய்டுக்கு நேர் பின்னால் இல்லை, பின்பக்கம் சற்று விலகி இரண்டு ஓரங்களிலும். இது தெரியாமல் விலை உயர்ந்த மைக் வாங்கி, பழைய இடத்திலேயே மானிட்டரை வைத்துவிட்டு, புது மைக் கூவுகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. சின்ன அறையில் மானிட்டரே இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். ஒருவருக்கொருவர் கை எட்டும் தூரத்தில், லேசான அரைவட்டமாக நின்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒலி நொடிக்கு 343 மீட்டர்தான் போகிறது. மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு உங்கள் தாளம் சுமார் 9 மில்லிசெகண்ட் கழித்துப் போய்ச் சேரும், அது தெரியாது. பத்து மீட்டர் என்றால் 29 ஆகிவிடும், அங்கே தாளம் இழுக்கத் தொடங்கும். அகலமான மேடை கிடைத்தது என்று பரவி நிற்கும் மூவர் குழு ஏன் தடுமாறுகிறது என்றால் இதனால்தான்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுத்தால் இரைச்சல் வரும் வாய்ப்புக் குறைவு. அப்படியும் ‘ங்ங்’ என்று வந்தால் டிஐயில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட்டை (ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) தட்டுங்கள். பிளக்கின் எர்த் முள்ளை ஒடிப்பதோ கழற்றுவதோ கூடவே கூடாது, அது உயிரோடு விளையாடுவது. போடும்போது ஸ்பீக்கர் கடைசி, அணைக்கும்போது ஸ்பீக்கர் முதல். நடக்கும் வழியில் போகும் கேபிள்களைத் துணி டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

சவுண்ட் செக் எப்போதும் காலி அறையில்தான் நடக்கும், வாசிப்பது நிறைந்த அறையில். இரண்டும் ஒன்றாக ஒலிக்காது. 1895இல் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர், ஹார்வர்டில் எதிரொலி தாங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் வேலையில் இறங்கி, இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை வைத்தால் ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று இரவிரவாக அளந்தார். மனித உடலும் அந்த மெத்தைகளைப் போலவே ஒலியை விழுங்கும் என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே காலி அறையில் எதிரொலி அதிகமாகக் கேட்டால் பயந்து எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், ஆட்கள் நிறைந்ததும் பாதி அடங்கும். மிக்சரில் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) கலப்பதையும் அதுவரை தள்ளிப்போடுங்கள். சோதனை நேரத்தில் முழுப் பாட்டுகளை வாசித்துத் தள்ள வேண்டாம். சத்தம் அதிகமுள்ள பாட்டில் ஒரு பல்லவி, சத்தம் குறைந்த பாட்டில் ஒரு பல்லவி போதும். ஒருவர் மட்டும் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கடைசி மேசைக்குப் போய்க் கேட்டுவிட்டு வரட்டும். குரல் புரிகிறதா என்பதுதான் அவர் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. இடத்திலேயே சவுண்ட் என்ஜினியர் இருந்தால் அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சானல் பட்டியலை ஒரு துண்டுத்தாளில் கொடுங்கள், அவர் கேட்கும்போது மட்டும் வாசியுங்கள். அவர் மற்றவரின் மைக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கிட்டாரைக் கொறித்துக்கொண்டிருப்பது எல்லா ஊரிலும் எரிச்சலான விஷயம்.

சுருதி. கிளிப் டியூனர் வாங்குங்கள், அது கிட்டாரின் அதிர்வைப் பிடிப்பதால் கூட்டச் சத்தத்திலும் வேலை செய்யும். கபோ (கிட்டார் கழுத்தில் தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் பிடி) போட்டதும் மறுபடி ஒரு முறை பாருங்கள், அழுத்தத்தில் தந்திகள் சற்று ஏறும். புதுத் தந்தியை நிகழ்ச்சி அன்று மாட்டாதீர்கள், ஒன்றிரண்டு நாள் முன்னால் மாட்டி இழுத்துப் பழக்குங்கள். பின்னால் புல்லாங்குழல் சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது: மேடை விளக்குச் சூட்டில் குழலின் சுருதி ஏறும், கிட்டார் தந்தி இறங்கும். இரண்டும் எதிரெதிராக நகரும். இடைவேளைக்குப் பின் கட்டாயம் மறுபடி சேர்க்க வேண்டும்.

பாட்டு வரிசையை ரசனையை மட்டும் வைத்துப் போடாதீர்கள், கையை வைத்தும் போடுங்கள். ஒரே கபோ நிலை, ஒரே டியூனிங் உள்ளவற்றை அடுத்தடுத்து வைத்தால் நடுவில் மௌனமாகத் திருகிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சம். 45 நிமிடத்துக்குப் பேச்சும் சேர்த்து ஒன்பது, பத்துப் பாட்டு சரியாக வரும். கையில் கூடுதலாக இரண்டு இருக்கட்டும், தேவைப்படாவிட்டால் விடப்போகும் இரண்டும் எவை என்று முன்பே பேசிவைத்திருங்கள். முதல் பாட்டு எல்லாச் சானலும் ஒலிக்கிற, தூக்கத்திலும் தவறாமல் வருகிற பாட்டாக இருக்கட்டும். உண்மையான சவுண்ட் செக் அப்போதுதான் நடக்கிறது. மிகக் கடினமான பாட்டை நடுவில் புதையுங்கள். பாட்டுக்கு நடுவில் பேசுவதற்கு ஒருவரை மட்டும் நியமியுங்கள், மற்றவர் சுருதி சேர்க்கும் நேரம்தான் அவர் பேசும் நேரம். குழுவின் பெயரை ஆரம்பத்தில் ஒரு முறை, இறுதிக்குச் சற்று முன் ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள். சின்னக் குழுக்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான், தாமதமாக வந்தவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாமல் போய்விடும்.

பணம். மூன்று விதமான ஏற்பாடுகளைத்தான் பெரும்பாலும் சந்திப்பீர்கள்: நிர்ணயித்த தொகை, நுழைவுக் கட்டணத்தில் பங்கு, கேட்பவர்கள் விருப்பப்பட்டுப் போடுவது. பங்கு என்றால் ஒரே கேள்வியை விடாமல் கேளுங்கள்: செலவைக் கழித்த பிறகு பங்கா, கழிக்கும் முன்னா? எழுபது சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கும், அரங்கச் செலவு முழுதும் கழிந்த பின் எழுபது என்றால் கையில் ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். இத்தனை டிக்கெட்டை நீங்களே விற்றுத் தர வேண்டும், விற்காததற்கு நீங்களே பணம் கட்ட வேண்டும் என்று சொல்லும் ஏற்பாட்டை என் கருத்தில் தொடவே வேண்டாம். எவ்வளவு கேட்பது என்று கணக்குப் போடும்போது மேடையில் இருக்கும் இரண்டு மணி நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஏற்றுவது, போவது, மாட்டுவது, சோதிப்பது, அவிழ்ப்பது எல்லாம் சேர்த்தால் ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். முதல் சில நிகழ்ச்சிகளை இலவசமாகச் செய்வது தப்பில்லை, ஆனால் பக்கத்தில் அதே இடத்தில் காசு வாங்கி வாசிக்கும் குழு இருந்தால் அவர்கள் பிழைப்பில் மண் போடுகிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். எது முடிவானாலும் எழுத்தில் ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள்: தேதி, வந்து சேரும் நேரம், எத்தனை செட், தொகை, எப்போது தருவார்கள், ரத்தானால் என்ன. ஒப்பந்தப் பத்திரம் தேவையில்லை, ‘சரி’ என்று அவர் பதில் போட்டால் போதும்.

மற்றவர்களின் பாட்டைப் பொது இடத்தில் பாட உரிமம் வேண்டும். இந்த வழக்கமே ஒரு கஃபேயில் தொடங்கியதுதான். 1847இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ழே என்ற பாடலாசிரியர், தன் படைப்பைக் காசு கொடுக்காமல் வாசித்துக்கொண்டிருந்த கஃபேயில் பில் கட்ட மறுத்தார். வழக்கு அவர் பக்கம் முடிந்தது. அதன் தொடர்ச்சியாக 1851இல் சாசெம் என்ற உரிமைச் சங்கம் உருவானது. பெரும்பாலான நாடுகளில் இப்போது அந்த உரிமத்தை வாங்குவது இடத்தை நடத்துபவரின் பொறுப்பு. அவரிடம் அது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தப் பாட்டுகள் இருந்தால் உங்கள் நாட்டுச் சங்கத்தில் பதிந்துகொண்டு, நிகழ்ச்சிக்குப் பின் பாட்டுப் பட்டியலைக் கொடுக்க வழியிருக்கிறதா என்று விசாரியுங்கள். தொகை சின்னதாக இருக்கலாம், ஆனால் அது உங்களுடையது. அதே நிகழ்ச்சியைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது வேறு உரிமை, இடத்தின் உரிமம் அதற்குச் செல்லாது.

வந்த பணத்தை மூன்றாகப் பிரிப்பதற்கு முன் ஸ்பீக்கரும் மிக்சரும் யாருடையது என்று பேசிக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, நான்கு பங்காகப் பிரித்து நான்காவதைக் குழுவின் கருவிகளுக்கென்று ஒதுக்கும் குழுக்களில் சண்டை குறைவு. கேபிள், பேட்டரி, தந்தி, பழுது எல்லாம் அதிலிருந்து போகும். ஒருவர் தன் சொந்தக் காசில் முழு செட்டையும் வாங்கி வைத்திருந்தால் அந்த நான்காவது பங்கு அவருக்கே போகட்டும், கூடவே குழு பிரிந்தால் கருவிகள் அவருடையவை என்பதையும் முதல் நிகழ்ச்சிக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.